விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்குப் போனால் பாதுகாப்பு கூடுமா?

கேள்வி இது: "2016-இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 10 ஓடுகிறது. 11-க்கு இந்த வன்பொருள் போதாது என்கிறது. மாதம் தவறாமல் விண்டோஸில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வருகிறது. லினக்ஸுக்கோ வேறு ஏதாவது ஒன்றுக்கோ மாறிவிட்டால் இந்தப் பயம் தீருமா? மாறுவதென்றால் எதற்கு, எப்படி?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான, இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். அதற்கு மாறுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் 'லினக்ஸில் ஓட்டையே கிடையாது' என்று யாராவது சொன்னதை நம்பி மாறாதீர்கள். அந்த நம்பிக்கையோடு வருகிறவர்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறார்கள், இணையத்தில் கண்ட கமாண்டையெல்லாம் எடுத்து ஒட்டுகிறார்கள். எந்த இயங்குதளமானாலும் அதில் கோடிக்கணக்கான வரி நிரல் இருக்கிறது. எழுதியவர்கள் மனிதர்கள். ஓட்டை இருக்கத்தான் செய்யும். எதில் ஓட்டை குறைவு என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஓர் ஓட்டை ஊரறிந்த பிறகு உங்கள் கணினியில் அது எத்தனை நாள் அடைபடாமல் கிடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரியவரும் ஒவ்வோர் ஓட்டையும் மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில் அடைபடவே போவதில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஆதரவு நின்ற இயங்குதளம் அன்றிருந்த நிலையிலேயே நிற்பதில்லை, மாதாமாதம் பலவீனமாகிறது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், வெளியிடுகிறது. அது வெளியானவுடனே தாக்குபவர்கள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். எந்த வரி மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது. விண்டோஸ் 11-க்கும் 10-க்கும் உள்ளே பெரும்பகுதி நிரல் பொதுவானது. ஆகவே 11-க்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும், பேட்ச் வராத 10-இல் எங்கே கை வைக்கலாம் என்று காட்டிக்கொடுக்கிறது.

2017-இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி என்ற பகுதியின் பழைய வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அதை அறிந்து, எடர்னல்புளூ என்ற பெயரில் தன் கருவியாகவே வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதி பேட்ச் வெளியிட்டது. ஏப்ரல் நடுவில் ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு அந்தக் கருவியை அப்படியே இணையத்தில் போட்டது. மே 12-ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீம்பொருள் அதைக்கொண்டு கிளம்பியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின, உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் முடங்கின. பேட்ச்சுக்கும் தாக்குதலுக்கும் நடுவே இரண்டு மாத அவகாசம் இருந்தது. அன்று விழுந்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது, மருந்தும் கிடைத்தது. போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 2014-லேயே ஆதரவு நின்றுபோன எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட நேர்ந்தது. அப்படி ஒரு விதிவிலக்கு உங்களுக்கும் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பேட்ச்சுக்கும் தாக்குதலுக்கும் இடையே இப்போதெல்லாம் சில நாட்கள்தான் இருக்கின்றன. சில நேரம் தாக்குதல் முதலில் வந்து பேட்ச் பின்னால் வருகிறது.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம் 2012-இல் கிடைத்தது. ஜாவாவில் ஓர் ஓட்டை. ஆரக்கிள் அதைப் பிப்ரவரியில் அடைத்துவிட்டது. ஆனால் மேக்குக்கான ஜாவாவை அன்று ஆப்பிளே தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் பேட்ச் ஏப்ரலில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஃபிளாஷ்பேக் என்ற தீம்பொருள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. 'மேக்குக்கு வைரஸ் வராது' என்று நெடுங்காலமாக நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. 2017 நவம்பரில் மேக் ஹை சியராவில் இன்னொன்று: பயனர் பெயர் இடத்தில் 'ரூட்' என்று அடித்து, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டு ஒன்றிரண்டு முறை அழுத்தினால் முழு நிர்வாகி உரிமை கிடைத்தது. ஆப்பிள் மறுநாளே அதை அடைத்தது.

லினக்ஸுக்கு வருவோம். மூலநிரல் திறந்திருப்பதால் ஆயிரம் கண்கள் பார்க்கும், ஓட்டை ஒளிந்திருக்க முடியாது என்பார்கள். திறந்திருப்பது பெரிய பலம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் யாரும் பார்க்கலாம் என்பதற்காக யாரோ பார்த்துவிட்டார்கள் என்று ஆகிவிடாது. 2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் ஓட்டை, நாம் அடிக்கும் கட்டளைகளை இயக்கும் பாஷ் ஷெல்லில் 1989 முதலே இருந்தது. 2022 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிவ்ன்கிட் ஓட்டை, ஏறத்தாழ எல்லா லினக்ஸ் டெஸ்க்டாப்புகளிலும் இருக்கும் போல்கிட் என்ற பகுதியில் 2009-இலிருந்து இருந்தது. சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்துவிட்ட எவரும் அதைக்கொண்டு ரூட், அதாவது முழு நிர்வாகி, ஆகிவிடலாம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த டர்ட்டி கவ் ஓட்டை 2007 முதல் 2016 வரை யார் கண்ணிலும் படவில்லை. அச்சுப்பொறி விஷயத்தில்கூட இரண்டு பக்கமும் ஒரே கதைதான். விண்டோஸில் 2021-இல் பிரிண்ட்நைட்மேர் வந்தது, லினக்ஸில் 2024 செப்டம்பரில் கப்ஸ் அச்சு அமைப்பின் ஓட்டைகள் வந்தன.

அப்படியானால் லினக்ஸில் எது மேல்? பிவ்ன்கிட் அறிவிக்கப்பட்ட அன்றே உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் என்ற வழங்கல்கள் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெவ்வேறு வடிவங்கள்) எல்லாவற்றிலும் திருத்தம் தயாராக இருந்தது. கண்டுபிடித்தவர்கள் வழங்கல்களுக்கு முன்கூட்டியே சொல்லி, எல்லோரும் ஒரே நாளில் வெளியிட ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்டேட் மேனேஜரைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தியவருக்கு அன்றே அந்த ஓட்டை அடைபட்டது. அதே பொத்தான் உலாவியையும், பிடிஎஃப் படிப்பானையும், படங்களைத் திறக்கும் நூலகங்களையும், வழங்கலின் களஞ்சியத்திலிருந்து (அதன் மென்பொருள் கிடங்கு) நீங்கள் நிறுவிய மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பிக்கிறது. விண்டோஸில் இயங்குதளம் ஒரு வழியாகவும், அங்கங்கே இறக்கிய மென்பொருள்கள் தத்தம் வழியாகவும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பாதி மென்பொருள்கள் அதைச் செய்வதே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியும் ஏழும் வைத்திருந்தவர்கள் வீட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது, பல ஆண்டுகளாகத் தொடப்படாத ஒரு பிடிஎஃப் படிப்பானும் ஒரு மீடியா பிளேயரும்தான்.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கண்டு குழம்புவதுண்டு. டெபியன், உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போன்ற நிலையான வழங்கல்களில் மென்பொருளின் பதிப்பு எண் பழையதாகவே இருக்கும். ஓட்டையை அடைத்த வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடுவது அவர்கள் வழக்கம். அதனால் எண்ணைப் பார்த்துப் பதறி, வேறெங்கிருந்தோ புதிய பதிப்பை இறக்க வேண்டாம்.

2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் சம்பவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லினக்ஸின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டியது அதுதான். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய கருவி. ஏறத்தாழ எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர், அதுவும் ஊதியம் இல்லாமல். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்புகள் செய்து, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்டார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசலைப் புதைத்தார். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகக் கள்ளத்தனமாக உள்ளே நுழைய வழி செய்யும் பின்வாசல் அது. ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிப் போய், மார்ச் 29-ஆம் தேதி விவரத்தைப் பகிரங்கப்படுத்தினார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. ஆனால் அவர் அந்த அரை வினாடியைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், அடுத்த சில மாதங்களில் உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதிக்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தச் சம்பவத்திலிருந்து உங்களுக்கு உதவக்கூடிய தகவல் ஒன்று உண்டு. கெட்ட பதிப்பு எட்டியது டெபியனின் சோதனைக் கிளைகளையும், ஃபெடோரா ராஹைடு போன்ற முன்னோட்டங்களையும், எப்போதும் புதுசையே தரும் டம்பிள்வீட் போன்றவற்றையும்தான். டெபியன் நிலைக்கிளையையோ உபுண்டு எல்டிஎஸ்ஸையோ அது தொடவில்லை. புதியது அனைத்தும் உடனே வேண்டும் என்ற ஆசைக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் உடனே வேண்டும், புதிய வசதிகள் ஆற அமர வரட்டும். முதல் முறை மாறுகிறவருக்கு நிலையான வழங்கலைச் சொல்வதன் காரணம் இதுவே.

மாறினால் கிடைக்கும் பெரிய லாபம் கெர்னலில் இல்லை, மென்பொருள் வந்துசேரும் வழியில் இருக்கிறது. விண்டோஸ் கணினிகளில் கடவுச்சொல் திருடும் தீம்பொருள்கள் பெரும்பாலும் எந்த ஓட்டையையும் தேடுவதில்லை. விலை கொடுக்காமல் கிடைக்கும் 'கிராக்' மென்பொருளாகவோ, தேடல் விளம்பரத்தில் வரும் போலி இறக்கப் பக்கமாகவோ வந்து, நம் கையாலேயே நிறுவப்படுகின்றன. லினக்ஸில் மென்பொருள் தேவைப்பட்டால் களஞ்சியத்தில் தேடி, கையொப்பமிட்ட தொகுப்பாக இறக்குகிறோம். இந்த ஒரு பழக்கம் மாறுவது எந்த ஆன்டிவைரஸையும்விடப் பெரிய காவல். டெஸ்க்டாப் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதால் அதற்கெனத் தீம்பொருள் எழுதுகிறவர்களும் குறைவு என்பதும் உண்மை. அது இன்றைக்கு உதவுகிறது. ஆனால் ஆட்கள் கூடினால் போய்விடும் சலுகை அது, நிரந்தரமான அரண் என்று எண்ணக்கூடாது.

லினக்ஸ் டெஸ்க்டாப் பின்தங்கியிருக்கும் இடத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியாள் ரூட் ஆவதைத் தடுக்க லினக்ஸில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்கில் ஓடும் ஒரு நிரல் கெட்டுப்போனால், அது உங்கள் ஆவணங்கள், படங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ரூட் ஆகாமலேயே எடுத்துக்கொள்ளும். வீட்டில் எல்லா அறைக்கும் கதவு இருந்தும் ஒன்றுக்குமே தாழ்ப்பாள் இல்லாததைப் போன்ற நிலை இது. வாசலைத் தாண்டியவன் எந்த அறைக்கும் போகலாம். பழைய எக்ஸ்11 திரை அமைப்பில் இன்னும் மோசம்: ஒரு ஜன்னலில் ஓடும் நிரல் இன்னொரு ஜன்னலில் நீங்கள் அடிக்கும் எழுத்துகளை ஒட்டுக்கேட்க முடியும். 1980-களில் வடிவமைக்கப்பட்டது அது, அன்று யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. அதற்கு மாற்றாக வந்த வேலண்டு இதைத் தடுக்கிறது. உபுண்டுவும் ஃபெடோராவும் வேலண்டையே இயல்பாகத் தருகின்றன. லினக்ஸ் மின்ட் இன்னும் முழுமையாக அங்கே போய்ச் சேரவில்லை. மின்ட்டைப் பரிந்துரைக்கும்போது எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் இது. ஃபிளாட்பேக், ஸ்நாப் வடிவ மென்பொருள்கள் ஓரளவு தனித்தனிக் கூண்டுக்குள் ஓடுகின்றன. ஆனால் பல மென்பொருள்கள் 'உங்கள் முகப்புக் கோப்புறை முழுவதும் வேண்டும்' என்று அனுமதி கேட்கின்றன. ஃபிளாட்சீல் என்ற கருவியில் அந்த அனுமதிகளைப் பார்த்து வெட்டிவிடலாம்.

நியாயமாகச் சொன்னால், இன்று புதிய வன்பொருளில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 11 பல விதங்களில் வலுவானது. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு 'புதிய வசதியா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள்' என்ற பொருளில் எழுதியதிலிருந்து மைக்ரோசாஃப்ட் நிறையக் கற்றிருக்கிறது. கெர்னலைத் தனி மெய்நிகர் அரணுக்குள் காப்பது, தொடங்கும்போதே கையொப்பம் சரிபார்ப்பது, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு இணைந்த வட்டுக் குறியாக்கம் எல்லாம் அதில் உண்டு. விண்டோஸ் 11 நன்றாக ஓடும் கணினி ஒருவரிடம் இருந்தால், பாதுகாப்பை மட்டும் காரணம் காட்டி மாறச் சொல்லி அவரை நான் வற்புறுத்த மாட்டேன். உங்கள் நிலை அது அல்ல. 2016-இல் வாங்கிய கணினியில் 11-க்கு வழி இல்லை. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் செல்லும். வன்பொருள் சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்றும் வழிகள் உலவுகின்றன. அப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. நாம் தேடுவதே அந்த உறுதியைத்தான்.

மாறினாலும் மாறாதவை சில உண்டு. உங்கள் நேரத்தில் பெரும்பகுதி உலாவியில்தான் கழிகிறது, உலாவி எங்கும் ஒன்றுதான். 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் நூலகத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டையும் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பாராமல் எல்லா இடத்திலும் அது பாதித்தது. 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகளோ செயலியிலேயே இருந்தவை. போலி மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. தேவையற்ற உலாவி நீட்சிகளும் அப்படியே. எந்தத் தளத்தில் நீங்கள் என்ன செய்தாலும் பார்க்க அவற்றுக்கு நாமே உரிமை கொடுத்து வைத்திருக்கிறோம். மாறும் அன்று பழைய நீட்சிகளையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

எதற்கு மாறுவது? விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் மிக எளிது. இப்போதைய 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளமாக ஓடும், பழைய கணினியென்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். திரை அமைப்பைப் பற்றி மேலே சொன்னது உறுத்துகிறது என்றால் உபுண்டு 24.04 எல்டிஎஸ். அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இறங்கும்படி ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: உபுண்டுவின் 'யுனிவர்ஸ்' களஞ்சியத்தில் உள்ள ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்கு முழுமையான திருத்தங்கள் வேண்டுமென்றால் உபுண்டு புரோவில் பதிய வேண்டும், சொந்தப் பயன்பாட்டில் 5 கணினிகள் வரை இலவசம். பெரும்பாலானவர்கள் இதைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். ஃபெடோராவின் பாதுகாப்பு வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும், நிரல்கள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் இயல்பிலேயே இயங்குகிறது. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பை உயர்த்தும் பொறுமை இல்லாதவர் எடுத்தால், விண்டோஸ் 10-இல் மாட்டிய அதே இடத்தில் மறுபடி மாட்டுவார்.

உலாவியைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறவருக்குக் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் நல்லது. பழைய கணினிகளுக்காகவே 2022-இல் கூகுள் வெளியிட்டது, தானே புதுப்பித்துக்கொள்ளும். எந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு என்ற பட்டியலை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் பாதுகாப்பில் பெயர் பெற்றது. அதனோடு வரும் பெரும்பாலான நிரல்கள் தமக்கு என்ன உரிமை வேண்டும் என்று முதலிலேயே அறிவித்து, மீறினால் உயிரிழக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் புளூடூத் கிடையாது, அன்றாட மேசைக் கணினியாக அதைப் பழக்குவது எளிதல்ல. கியூப்ஸ் என்ற இயங்குதளம் ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர்க் கணினி (கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் கணினி) தருகிறது. மேலே நான் சொன்ன தாழ்ப்பாள் குறைக்கு உண்மையான விடை அதுதான். ஆனால் நன்றாக ஓட 16 ஜிபி ரேமாவது வேண்டும், 2016 மடிக்கணினியில் மூச்சு வாங்கும்.

ஒரு சிலருக்கு இப்போதைக்கு மாற வேண்டாம் என்றே சொல்வேன். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் போன்றவற்றில் பிழைப்பு நடத்துகிறவர், அலுவலகம் கட்டாயப்படுத்தும் விண்டோஸ் மென்பொருளோ டிஜிட்டல் கையொப்பக் கருவியோ வைத்திருப்பவர், ஏமாற்றுத் தடுப்பு கெர்னலுக்குள் இறங்கும் ஆன்லைன் விளையாட்டுகளை ஆடுகிறவர். இவர்கள் மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தரும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து, அந்த இடைவெளியில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். நீங்களுமே மாறும் நாள் வரை அதில் சேர்ந்துகொள்வது நல்லது.

மாறும் வேலையை வட்டை அழிப்பதிலிருந்து தொடங்காதீர்கள், விண்டோஸில் இருக்கும்போதே தொடங்குங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபீஸ், விஎல்சி ஆகியவற்றை விண்டோஸிலேயே நிறுவிச் சில வாரம் புழங்கிப் பாருங்கள். இவை மூன்றும் லினக்ஸிலும் இதே முகத்தோடு இருக்கும். உங்கள் ஆவணங்களில் எது லிப்ரேஆஃபீஸில் குலைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். எக்செல் மேக்ரோக்கள்தான் பெரும்பாலும் அடம்பிடிக்கும். தமிழ் ஆவணங்கள் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருந்தால் இதுவே அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நல்ல நேரம். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கூடவே வருகிறது.

அடுத்தது பேக்கப். வெளி வட்டில் எடுத்து, வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை. விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பில் கைவைத்தவுடன் அது சாவி கேட்கும், இல்லாதவர்கள் அங்கேயே எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள்.

பிறகு ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது லினக்ஸை நிறுவ இறக்கும் கோப்பு. இங்கே அவசரப்படாதீர்கள். 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட்டின் அதிகாரப்பூர்வ தளத்துக்குள்ளேயே தாக்குபவர்கள் புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இறக்க இணைப்பைப் பின்வாசல் வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கியவர்கள் நல்லெண்ணத்தோடு கெட்டதை நிறுவினார்கள். ஆகவே செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தளமே கைமாறியிருந்தால் செக்சமையும் மாற்றியிருப்பார்கள். அந்தச் செக்சம் கோப்புக்கான ஜிபிஜி கையொப்பத்தை (வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம்) சரிபாருங்கள். எப்படிச் செய்வது என்று மின்ட், உபுண்டு இரண்டும் படிப்படியாக விளக்கியிருக்கின்றன, கால் மணி நேர வேலை.

பென் டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவ் முறையில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி, மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாம் அங்கேயே தெரியும். கைரேகை உணரி பல மாடல்களில் வேலை செய்யாது. திருப்தியானால் நிறுவுங்கள். நிறுவும்போது 'வட்டைக் குறியாக்கம் செய்' என்ற தேர்வு வரும். அதை அவசியம் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினி தொலைந்தால் காப்பது அது ஒன்றே, நிறுவி முடித்த பிறகு சேர்ப்பது பெரும்பாடு. தொடங்கும்போதே கையொப்பம் சரிபார்க்கும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் அனைத்தும் அதோடு சேர்ந்தே இயங்கும்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) செய்யலாம், ஆனால் பேட்ச் வராத விண்டோஸ் அங்கேயே உட்கார்ந்திருக்கும். 'ஒரு நிமிஷம்' என்று அதில் இணையத்தைத் திறப்பீர்கள். கட்டாயம் தேவை என்றால் லினக்ஸுக்குள் மெய்நிகர்க் கணினியாக வைத்து, அதற்கு வலை இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். விண்டோஸ் நிரல்களை நேரடியாக ஓட்டும் வைன் உதவிகரமானதுதான். அதில் விண்டோஸ் தீம்பொருளும் ஓடும், உங்கள் கோப்புகளைத் தொடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நிறுவிய அன்றே சில காரியங்கள். மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் அமைப்பில் தானியங்கிப் புதுப்பித்தலை நீங்களேதான் இயக்க வேண்டும். ஃபயர்வாலும் மின்ட்டிலும் உபுண்டுவிலும் அணைந்தே வருகிறது. ஒரு சொடுக்கில் இயக்கலாம். கெர்னல் அப்டேட் வந்தால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதுவரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸை வாரக்கணக்கில் அணைக்காமல் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. மேசைக் கணினியில் அது அடைபடாத ஓட்டைகளோடு ஓடுவதற்குச் சமம். பயாஸ் அப்டேட்டுக்கு எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி இருக்கிறது, பல நிறுவனங்களின் மாடல்களுக்கு அது லினக்ஸிலிருந்தே புதுப்பித்துத் தரும்.

ஏதாவது வேலை செய்யவில்லை என்று தேடும்போது, ஒரு வரியை எடுத்து டெர்மினலில் ஒட்டச் சொல்லும் பக்கங்கள் வரும். இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டை இறக்கி நேரே சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டும் வரி என்றால், அதைத் தந்தவர் கையில் கணினியையே ஒப்படைக்கிறீர்கள். களஞ்சியங்களும் எல்லாம் ஒரு தரம் அல்ல. ஆர்ச் லினக்ஸில் யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய ஏயூஆர் தொகுப்பகத்தில் 2025 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ் திருத்தம் என்ற பெயரில் தீம்பொருள் இருந்தது. ஸ்நாப் கடையில் போலி கிரிப்டோ பணப்பைகள் வந்து போயிருக்கின்றன. வழங்கலின் சொந்தக் களஞ்சியம் முதலில், ஃபிளாட்பேக் கிடங்கான ஃபிளாட்ஹப்பில் சரிபார்க்கப்பட்டவை அடுத்து, மற்றவை மிகவும் யோசித்த பிறகு.

ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி கோப்பு அனுப்புகிறீர்கள் என்றால் கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் போதும்.

கடைசியாக, கடவுச்சொற்கள். பேட்ச் இல்லாமல் ஓடிய விண்டோஸில் ஏற்கெனவே ஏதாவது புகுந்திருந்ததா என்பதை இனி உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் புதிய இயங்குதளம் அமைந்த பிறகு, அங்கிருந்தே மின்னஞ்சல், வங்கி, கைப்பேசிக் கணக்கு என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற தேர்வையும் கொடுங்கள். திருடப்பட்ட உள்நுழைவுக் குக்கீகள் (உள்ளே நுழைந்தவர் என்று காட்ட உலாவி சேமித்து வைக்கும் அடையாளம்) கடவுச்சொல் மாறினாலும் சில தளங்களில் செல்லுபடியாகும். இதைப் பழைய விண்டோஸில் இருந்தபடி முன்கூட்டிச் செய்யாதீர்கள், புதிய கடவுச்சொல்லும் அதே வழியில் போய்விடக்கூடும். பேக்கப்பிலிருந்து கோப்புகளைத் திரும்ப எடுக்கும்போது ஆவணங்கள், படங்கள், பாடல்கள் மட்டும் போதும். இஎக்ஸ்இ கோப்புகளையும் பழைய இறக்கக் கோப்புறையையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.